பெயின்ட் கடைசியில்: பழைய டிராக்டரை மீட்க நினைப்பவர்களுக்கு

எங்கள் கொட்டகையில் மூன்று டிராக்டர்கள் நிற்கின்றன. ஒன்று உழவுக்குப் போகிறது. மற்ற இரண்டும் நான் ஆசைப்பட்டு வாங்கிய பழசுகள். அவற்றால் வீட்டில் எனக்கு நல்ல பெயர் கிடையாது.

அந்த இரண்டில் முதலாவதை வாங்கிய ஒரே மாதத்தில் பளபளவென்று சிவப்பு அடித்து, மாப்பிள்ளை மாதிரி வாசலில் நிறுத்தினேன். பார்க்காத சொந்தக்காரர் இல்லை. மூன்றாவது வாரம் கிளட்ச் போய்விட்டது. கிளட்சை மாற்ற வண்டியை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். பானட்டைக் கழற்றி, டேங்கை இறக்கி, சங்கிலி போட்டுத் தூக்கியதில் புதுப் பெயின்ட் பாதிக்கு மேல் உரிந்துவிட்டது. அதே வேலையை மறுபடி முதலிலிருந்து செய்தேன். இதைப் படிப்பவர்களுக்கு அந்தச் செலவாவது மிச்சமாகட்டும்.

எந்த வண்டி

முதல் வண்டி மாஸி ஃபெர்குசன் 1035 ஆக இருக்கட்டும். இதில் என் சார்பும் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் காரணமும் இருக்கிறது. 1960-இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனம் இந்த மாடலைப் பல பத்தாண்டுகளாக விற்றுவருகிறது. உள்ளே இருக்கும் மூன்று சிலிண்டர் சிம்சன் என்ஜினும் சென்னையில் தயாரானதுதான். அதனால் பழைய வண்டிக்கும் பிஸ்டன், ரிங், கேஸ்கட், கிளட்ச் பிளேட் எல்லாம் தாலுகா ஊரின் ஸ்பேர்ஸ் கடையிலேயே கிடைத்துவிடும். இந்த வண்டியைக் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரிக்கிற மெக்கானிக் ஊருக்கு ஒருவராவது இருப்பார்.

இதன் மூதாதை இங்கிலாந்தில் பிறந்தது. ஹாரி ஃபெர்குசனின் சாம்பல் நிற டிஇ20 வண்டி 1946 முதல் 1956 வரை கோவென்ட்ரி நகரில் ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரானது. எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரியில் தென் துருவம் போய்ச் சேர்ந்ததும் அந்த வகை வண்டியில்தான். அதற்கடுத்து வந்தது 35 என்ற மாடல். அதில் 1959-க்குப் பிறகு வந்த பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் என்ஜின் உள்ள வண்டி அகப்பட்டால் யோசிக்காமல் வாங்கலாம். அதற்கு முந்தைய நான்கு சிலிண்டர் டீசல் வண்டி காலைக் குளிரில் ஸ்டார்ட் ஆகாமல் அழவைப்பதற்குப் பேர்போனது.

ஹெச்எம்டி 2511 அழகான வண்டி, சத்தமே தனி. அரியானாவில் பிஞ்சோர் தொழிற்சாலையில் 1971 முதல் செக்கோஸ்லோவாகியாவின் ஜெட்டர் நுட்பத்தில் செய்தார்கள். ஆனால் அந்த டிராக்டர் தொழிலை மூட 2016-இல் மத்திய அரசு முடிவெடுத்துவிட்டது. சாமான் தேடி அலையத் தெம்பு இருப்பவர்கள் அதை இரண்டாவது வண்டியாக வைத்துக்கொள்ளலாம். 1959-இல் ஃபரிதாபாத்தில் வெளிவந்த முதல் ஐஷர் போன்ற அபூர்வங்களை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

பார்க்கப் போகும்போது

போவதற்கு முன் போன் செய்து, "நான் வருகிற வரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். போனதும் முதல் வேலையாக என்ஜின் மேல் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காகவே ஏற்கெனவே ஓட்டித் தயார் செய்திருக்கிறார்கள் என்று பொருள். டீ குடித்துக்கொண்டு ஆறும்வரை காத்திருங்கள். குளிர்ந்த என்ஜின்தான் உண்மை பேசும்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே ஆயில் கம்பியை உருவிப் பாருங்கள். ஆயில் கறுப்பாக இருப்பதில் தவறில்லை. பால் விட்ட டீ போல இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அப்புறம் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். தண்ணீரில் விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம், ஹெட்டிலேயே கீறல் விழுந்திருக்கவும் வாய்ப்புண்டு.

புகையைக் கவனியுங்கள். முதல் ஒரு நிமிடம் வெள்ளையாக வந்து நின்றுவிட்டால் கவலையில்லை. நீலம் நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. சும்மா நிற்கும்போதே கரும்புகை கக்கினால் நாசில் (சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் முனை) அல்லது டீசல் பம்ப் வேலை இருக்கிறது. பிறகு ஓடும் என்ஜினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளிருந்து புகை குபுகுபுவென்று தள்ளினால் பிஸ்டன் ரிங்கும், சிலிண்டரின் உள்சுவரான லைனரும் தேய்ந்துவிட்டன. மெக்கானிக்குகள் இதை பேக் கம்ப்ரஷன் என்பார்கள். இதனால் வண்டியை விட்டுவிட வேண்டியதில்லை, முழு என்ஜின் வேலைக்கான காசை விலையில் கழித்துப் பேசுங்கள்.

டெல்டா வண்டி என்றால் இன்னொரு சோதனை உண்டு. சேற்றுக்கான இரும்புக் கூண்டுச் சக்கரம் (கேஜ் வீல்) போட்டு வருடக்கணக்கில் சேற்றுழவு அடித்த வண்டியில் பின் ஆக்சில் சீல் வழியாகச் சேற்றுத் தண்ணீர் உள்ளே போயிருக்கும். இந்த மாஸி வண்டிகளில் கியர் பாக்ஸ், பின் ஆக்சில், ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான். ஓரிடத்தில் நுழைந்த தண்ணீர் மூன்றையும் கெடுக்கும். மன்னார்குடிப் பக்கம் ஒரு வண்டி பார்க்கப் போனபோது, அடியில் இருக்கும் வடிகால் போல்ட்டை அரைச் சுற்று தளர்த்திப் பார்க்கலாமா என்று கேட்டேன். வண்டிக்காரப் பெரியவர் சிரித்துவிட்டு, "தாராளமா பாருங்க தம்பி, ஆனா கீழ சொம்பு வைங்க" என்றார். முதலில் அரைச் சொம்பு சுத்தமான தண்ணீர் வந்தது, அதன் பிறகுதான் எண்ணெய். எண்ணெயை விடத் தண்ணீர் கனம், நிற்கும் வண்டியில் அடியில் போய்த் தங்கிவிடும். பெரியவர் தானாகவே விலையில் ஐயாயிரம் குறைத்தார். அந்த வண்டியைத்தான் வாங்கினேன்.

பின்னால் கலப்பையை மாட்டித் தூக்கி, என்ஜினை நிறுத்திவிட்டுக் கடிகாரம் பாருங்கள். மெல்ல மெல்ல இறங்கினால் பொறுத்துக்கொள்ளலாம். சட்டென்று விழுந்தால் லிஃப்டுக்குள் பிஸ்டன் ரிங்கோ வால்வோ தேய்ந்திருக்கிறது. முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். கடகடவென்று ஆடினால் பேரிங், கிங் பின் புஷ் செலவு. அது பெரிய தொகை இல்லை. ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்து, கியர் தானாக நழுவுகிறதா என்று பாருங்கள். அதுதான் பெரிய தொகை.

ஓர் ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த வண்டிகளில் வேக வரிசையை மாற்றும் ஹை-லோ லீவர் நடுவில் இருந்தால்தான் ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் போகும். கியரில் இருக்கும்போது வண்டி பாய்ந்துவிடாமல் இருக்க வைத்த காவல் அது. பழைய வண்டிகளில் இந்த ஸ்விட்ச் கெட்டதும் ஒயரை நேராக இணைத்துவிடுவார்கள். சிலர் கீழே நின்றபடி ஸ்க்ரூ டிரைவரால் ஸ்டார்ட்டர் முனைகளை முட்டவைத்து ஸ்டார்ட் செய்வார்கள். வண்டி கியரில் இருந்தால் பின் சக்கரம் அவர் மேலேயே ஏறும். நீங்கள் வாங்கும் வண்டியில் இப்படி ஒயர் போட்டிருந்தால், வீட்டுக்கு வந்ததும் செய்யும் முதல் வேலை அந்த ஸ்விட்சை மாற்றுவதாக இருக்கட்டும்.

ஆர்சி புத்தகம்

என்ஜின் எண், சேஸிஸ் எண் இரண்டையும் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். எண்ணை ராவி எடுத்திருந்தால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். பெயர் மாற்ற 29, 30 எண் படிவங்கள் வேண்டும். பழைய வங்கிக் கடன் புத்தகத்தில் ஏறியிருந்தால், கடன் தீர்ந்ததைக் காட்டும் 35-ஆம் எண் படிவமும் வேண்டும். வெளி மாநில வண்டி என்றால் தடையின்மைச் சான்று இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். விற்பவரின் தாத்தா பேரில் புத்தகம் இருந்தால், வாரிசுப் பெயருக்கு மாற்றும் பொறுப்பை அவர் தலையிலேயே விடுங்கள். நான் ஒரு முறை "நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஒன்றரை வருடம் அலைந்தேன்.

பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான். அதற்குப் பிறகு வண்டியைக் காட்டி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். 2021-இல் வந்த பழம்பெரும் வாகனப் பதிவு விதி நம் வண்டிக்கும் பொருந்தும் என்று பலர் நினைக்கிறார்கள். அது 50 வயது கடந்த இருசக்கர வாகனங்களுக்கும் கார்களுக்கும் மட்டும்தான். டிராக்டர் அதில் வராது.

இடமும் கருவியும்

மழை படாத இடம், சிமென்ட் தரை, தூக்குவதற்கு ஒரு செயின் பிளாக், இரண்டு நல்ல ஜாக்கி, கனமான மரக்கட்டைகள் போதும். மண் தரையில் ஜாக்கி சாயும். பழைய மாஸி வண்டிகளின் போல்ட்டுகள் அங்குல அளவில் இருக்கும். 1/2, 9/16, 3/4 என்று அங்குல ஸ்பேனர் செட் தனியாக வாங்குங்கள். மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டு இழுத்தால் போல்ட் தலை உருண்டுவிடும். எவ்வளவு இறுக்கம் என்று அளந்து முறுக்கும் டார்க் ஸ்பேனரை இரவல் வாங்கியாவது வைத்துக்கொள்ளுங்கள். வொர்க்‌ஷாப் மேனுவல் ஒன்று கட்டாயம் வேண்டும். அளவுகளை யார் வாய் வழியாகவும் கேட்டு முறுக்காதீர்கள், என் வாயும் அதில் சேர்த்தி.

முதலில் ஓடட்டும்

ஓடுகிற வண்டி என்றால் உடனே பிரிக்காதீர்கள். இரண்டு வாரம் ஓட்டுங்கள். எங்கே ஒழுகுகிறது, எங்கே சத்தம் வருகிறது, எந்த கியர் முரண்டு பிடிக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பிரித்துப் போட்ட வண்டியிடம் இதையெல்லாம் கேட்க முடியாது.

வருடக்கணக்கில் நின்று ஜாம் ஆன என்ஜின் என்றால் அவசரம் கூடாது. இன்னொரு வண்டியில் கட்டி இழுத்துக் கிளப்பலாம் என்று ஊரில் நாலு பேர் யோசனை சொல்வார்கள். இழுத்தால் ரிங் உடையும், ராடு வளையும். நாசில்களைக் கழற்றி, அந்தத் துளை வழியாக ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி ஒரு வாரம் ஊறவிடுங்கள். தினம் ஒரு முறை கொஞ்சம் சேர்த்து ஊற்றுங்கள். பிறகு ஸ்டார்ட்டரைக் கழற்றிவிட்டு, ஃப்ளைவீல் பல்லில் கம்பி கொடுத்து முன்னும் பின்னும் மெதுவாக நெம்பிப் பாருங்கள். என் இரண்டாவது வண்டி ஒன்பது நாள் அசையவில்லை. பத்தாவது நாள் காலையில் நூலளவு அசைந்தது, பக்கத்தில் இருந்த ஆட்டுக்குட்டி மிரள நான் கத்தினேன். அசைந்த பிறகும் உடனே ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். ஊற்றியது அடியில் உள்ள ஆயில் தொட்டிக்குள் (சம்ப்) இறங்கியிருக்கும், ஆயிலை மாற்றுங்கள். நாசில் இல்லாமலேயே கையால் சில சுற்று சுற்றவிட்டு, மேலே மிச்சம் நிற்பதை வெளியேற்றுங்கள்.

டீசல் பக்கம் டேங்கிலிருந்து தொடங்குங்கள். அடியில் துரு மணலாகச் சேர்ந்திருக்கும். டேங்கைக் கழற்றிக் கழுவி, ஃபில்டரை மாற்றி, அதற்குப் பிறகு ஏர் எடுங்கள், அதாவது டீசல் பாதையில் சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள். ஃபீட் பம்பின் கை லீவரை அடித்துக்கொண்டே முதலில் ஃபில்டர் ஸ்க்ரூ, அடுத்து டீசல் பம்ப் ஸ்க்ரூ, கடைசியில் ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு நாசில் பைப் நட்டுகள் என்ற வரிசையில் குமிழி நிற்கும்வரை எடுக்க வேண்டும். வரிசை மாறினால் நாள் முழுக்க அடித்துக்கொண்டிருப்பீர்கள். டீசல் பம்பை வீட்டில் திறக்காதீர்கள், பம்ப் கடைக்குக் கொடுத்துவிடுங்கள். நாசில் பீச்சுவதைக் கையை வைத்துப் பார்க்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். சின்னப் புள்ளிக் காயம்தானே என்று விட்டவர்கள் விரலை இழந்திருக்கிறார்கள்.

ரிங், லைனர், கிராங்க் வேலை வந்தால் பிரிப்பது உங்கள் கையால் இருக்கட்டும், அளப்பதும் கடைவதும் லேத் பட்டறையில் நடக்கட்டும். திரும்ப மாட்டும்போது ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று தவணையாக முறுக்குங்கள்.

இரண்டாகப் பிரிப்பது

லாரிக்கு இருப்பது போல இந்த வண்டிகளுக்குத் தனி இரும்புச் சட்டகம் கிடையாது. என்ஜின், கியர் பாக்ஸ், பின் ஆக்சில் மூன்றையும் போல்ட் போட்டுச் சேர்த்தால் அதுதான் உடம்பு. என்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே உள்ள கிளட்சைத் தொட வேண்டுமானால் முதுகெலும்பையே கழற்ற வேண்டும். புதிதாக வருபவர்கள் பயப்பட வேண்டிய ஒரே வேலையும் இதுதான், ரசிக்க வேண்டிய வேலையும் இதுதான்.

பயம் எதற்கு என்றால், முன் ஆக்சில் நடுவில் ஒரே ஒரு பின்னில் ஊஞ்சல் போல ஆடும். பின்பகுதி கழன்றதும் என்ஜினைப் பக்கவாட்டில் தாங்க எதுவும் இல்லை, அப்படியே ஒரு பக்கம் சாயும். அதனால் ஒரு போல்ட்டைத் தொடுவதற்கு முன், முன் ஆக்சிலுக்கும் அதன் மேல் உள்ள வார்ப்புக்கும் இடையில் இரண்டு பக்கமும் மர ஆப்பு அடித்து இறுக்குங்கள். பின் சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். கியர் பாக்ஸுக்கு அடியில் கட்டை அடுக்கி நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள், ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்குக் கட்டை. வண்டி மொத்தமாக ஒன்றரை டன்னுக்கு மேல்.

பிறகு பேட்டரி ஒயர், டீசல் பைப், ஸ்டியரிங் ராடு என்று ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். கழற்றும் முன் போனில் படம் எடுங்கள். போல்ட்டுகளை அது அது கழன்ற இடத்தின் பெயர் எழுதிய பைகளில் போடுங்கள். நீளமான போல்ட்டும் குட்டையான போல்ட்டும் கலந்திருக்கும். ஒரு பழைய அட்டையில் வண்டியின் படத்தை வரைந்து, துளை போட்டு அந்தந்த இடத்தில் போல்ட்டைக் குத்திவைப்பது என் வழக்கம். பார்க்கச் சின்னப்பிள்ளை விளையாட்டு போலத்தான் இருக்கும்.

பல வண்டிகளில் கிளட்ச் இரட்டை. பெடலைப் பாதி அழுத்தினால் சக்கரம் நிற்கும், முழுக்க அழுத்தினால் பின்னால் மாட்டும் கருவிகளைச் சுற்றும் பிடிஓ தண்டும் நிற்கும். இரண்டு பிளேட்டும் எந்த முகம் எந்தப் பக்கம் இருந்தது என்று சாக்பீஸால் எழுதுங்கள். நான் ஒன்றைத் திருப்பிப் போட்டு, வண்டியைச் சேர்த்த பிறகு கண்டுபிடித்து, அதே வாரத்தில் மறுபடி பிரித்தேன். உள்ளே படிந்திருக்கும் லைனிங் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், பிரேக் டிரம்மிலும் அப்படித்தான். பழைய லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கும். ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

பிரித்தது பிரித்தாயிற்று. கிராங்க்கின் பின் ஆயில் சீல், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங் மூன்றையும் நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். இருநூறு ரூபாய் பேரிங்குக்காக இரண்டாம் முறை பிரித்தவர்கள் எல்லாம் என் நண்பர்கள்.

ஹைட்ராலிக்

ஃபெர்குசன் உலகத்துக்குக் கொடுத்தது இதைத்தான். மூன்று கைகளில் கலப்பையை மாட்டி, மண் இறுகினால் வண்டி தானே கலப்பையைக் கொஞ்சம் தூக்கிக்கொள்ளும் ஏற்பாடு. மண் இறுகியதை வண்டிக்குச் சொல்வது பின்னால் டாப் லிங்க் என்ற மேல் கையை மாட்டும் இடத்தில் உள்ள பெரிய ஸ்பிரிங். அதை முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது, ஆனால் கையால் திருப்பினால் திரும்ப வேண்டும். ஆட்டம் இருந்தால் கலப்பை குதித்துக் குதித்து ஓடும். பாதி பேர் பம்பைப் பிரித்துக் காசைத் தொலைத்த பிறகே இந்த ஸ்பிரிங் பக்கம் வருகிறார்கள். லிஃப்ட் மந்தமாக இருந்தால் முதலில் எண்ணெயை மாற்றி, ஃபில்டரைக் கழுவிப் பாருங்கள்.

ஒயரிங்கைப் பற்றி ஒன்றுதான் சொல்வேன். பழையதை ஒட்டுப் போடாமல் முழுக்கப் புதிதாக இழுத்துவிடுங்கள். இங்கிலாந்திலிருந்து வந்த பழைய டைனமோ வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் எர்த் ஆகியிருக்கும், மாற்றி மாட்டிவிடாதீர்கள்.

சரி, இப்போது பெயின்ட்

வண்டி ஓடுகிறது, ஒழுகவில்லை, தூக்குகிறது என்றால் பெயின்டுக்கு வரலாம். கிரீஸ் படிந்த இடத்தில் பெயின்ட் நிற்காது. பாதி வேலை டீசலும் கம்பி பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும்தான். மணல் அடிப்பதாக இருந்தால் ஒவ்வொரு துளையையும் அடைத்துவிட்டு அடியுங்கள். உள்ளே போகும் ஒரு பிடி மணல் புது பேரிங்கைத் தின்றுவிடும். மட்கார்டு நெளிவை டின்கர் வைத்துத் தட்டி எடுங்கள், பட்டி பூசி மூடாதீர்கள். வண்டி அதிர்கிற அதிர்ச்சியில் பட்டி வருடத்துக்குள் பெயரும்.

தகரப் பாகங்களுக்குச் சிவப்பு, என்ஜினுக்கும் உடம்புக்கும் சாம்பல். 35-இன் சாம்பலும் பின்னால் வந்தவற்றின் சாம்பலும் ஒன்றல்ல. டேங்கின் அடிப்பக்கம், நம்பர் பிளேட்டின் பின்புறம் போன்ற வெயில் படாத இடத்தில் பழைய நிறம் அப்படியே இருக்கும், அதை வைத்து நிறம் கலக்கச் சொல்லுங்கள். சேஸிஸ் எண் தகட்டின் மேலும் ரப்பர் பாகங்களிலும் பெயின்ட் படக் கூடாது.

எல்லா வண்டிக்கும் பெயின்ட் வேண்டுமா என்றால், வேண்டாம் என்பேன். மன்னார்குடி வண்டியின் மட்கார்டில் பெரியவரின் மகன் சின்ன வயதில் ஆணியால் கீறிய பெயர் இருக்கிறது. ஸ்டியரிங்கில் இடது கை பிடிக்கும் இடம் மட்டும் தேய்ந்து வழவழப்பாக இருக்கிறது. அந்த வண்டிக்கு நான் துரு நிறுத்தும் எண்ணெய் பூசியதோடு சரி. மாட்டுப் பொங்கலுக்கு மாலை போட்டு நிறுத்தும்போது, பளபளக்கும் வண்டியை விட்டுவிட்டு எல்லோரும் அதன் பக்கத்தில்தான் போய் நிற்கிறார்கள்.

ஓட்டம்

புது ரிங் போட்ட என்ஜினை மணிக்கணக்கில் சும்மா ஓடவிடாதீர்கள். லேசான சுமையில், வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓட்டுங்கள். சில மணி நேரம் ஓடியதும் மேனுவல் சொல்கிறபடி ஹெட் நட்டுகளையும் டாப்பெட் (வால்வு) இடைவெளியையும் சரிபார்த்து, முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்றுங்கள். சக்கர நட்டுகளை முதல் நாள் மாலையே மறுபடி இறுக்குங்கள்.

இரவு நிறுத்தும்போது வண்டிக்கு அடியில் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்துவிடுங்கள். காலையில் எங்கே சொட்டு விழுந்திருக்கிறது, என்ன நிறம் என்று பார்த்தால் எந்த சீல் என்று தெரிந்துவிடும். என் வண்டியின் அட்டையில் நடுவில் ஒரே ஒரு சொட்டு, தினமும் அதே இடத்தில் விழுகிறது. கிளட்ச் ஹவுசிங் கீழே இருக்கும் சின்னத் துளையிலிருந்து வருகிறது, என்ஜின் ஆயிலா கியர் ஆயிலா என்றுதான் இன்னும் முடிவாகவில்லை. இரண்டில் எதுவானாலும் மறுபடி பிரிக்க வேண்டும். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.